பாதியில் போனவர்கள்

“பாதியில போனவங்கள சேத்து வெச்சி நமக்கு இன்னாம்மா ஆவப் போவுது?” என்றார் தமிழ்செல்வி.

கூட்டத்தில் அவர் கேட்டது நூலகரைப் பார்த்து.

தமிழ்செல்வி கல்லூரியின் செயலாளர். கல்லூரியைக் கட்டியவரின் மருமகள். மாமனார் கண்ணை மூடிய பிறகு அவர் சொன்னதுதான் அங்கே சட்டம். நூலகர் சோனியாவின் வேலையை வருடா வருடம் நீட்டித்துக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய சின்னப் பெண்கள் கல்லூரி அது. நூலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை காலியானதும், அதில் கல்லூரிக்கென்று ஆவணக் காப்பகம் தொடங்கலாம் என்று முடிவாகியிருந்தது. அதில் எதையெல்லாம் சேர்ப்பது என்று பேசத்தான் இந்தக் கூட்டம்.

முதல்வர் துளசிராமன் முன்னதாகவே யோசித்து வைத்திருந்தார். நிறுவனரின் படங்கள், அவர் வாங்கிய கேடயங்கள், அடிக்கல் நாட்டிய வெள்ளிச் சாந்துக் கரண்டி, பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்த மாணவிகளின் புகைப்படங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். டீயும் வந்துவிட்டது.

மரியாதைக்காக முதல்வர், நூலகர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டு வைத்தார்.

சோனியா சொன்னாள். இவையெல்லாம் ஏற்கெனவே சுவரில் தொங்குகின்றன. யாரும் எடுத்து வைக்காதது ஒன்று இருக்கிறது, படிப்பை முடிக்காமல் போனவர்களின் கதை. அவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லி, அந்தக் குரல்களைச் சேர்த்து வைப்போம் என்றாள்.

அவளும் இதே கல்லூரியில் படித்தவள்தான். அவள் தெருவிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ நிறையப் பெண்கள் கிளம்பி வருவார்கள். மடியில் மடியாக உட்கார்ந்து வருவார்கள். கடைசி வருடம் அந்த ஆட்டோவில் அவள் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து வந்தாள். அவர்களில் பட்டமளிப்பு விழாப் படத்தில் இருப்பதும் அவள் மட்டுமே.

துளசிராமன் சிரித்துச் சமாளித்தார். நல்ல யோசனைதான், ஆனால் ஆய்வுக் குழு வரும்போது நம் குறையை நாமே கண்ணாடி அலமாரியில் வைத்துக் காட்டுவதா என்றார்.

தமிழ்செல்விக்கு அந்த அளவு பொறுமைகூட இல்லை. நமக்கு என்ன ஆகப் போகிறது என்று கேட்ட கையோடு அடுத்ததையும் கேட்டார்.

“சரி, வெச்சிக்குவோம். யாரு வருவாங்க? இருக்கிற வேலைய உட்டுட்டு, நான் பாதியில போனவன்னு சொல்லிக்கினு யாரு வந்து நிப்பாங்க?”

சோனியா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

வராந்தா முழுக்கப் பெண்கள்.

காலை ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் அப்போதுதான் அவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. நீலக் கோட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. தொப்பி அழுத்திய தடம் நெற்றியில் இன்னும் இருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. ஆர்.கே.பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள் விடிகாலையிலேயே பஸ் ஏறி, பஸ் மாறி வந்திருந்தாள். நரை தட்டியவர்களும் நின்றார்கள். சோனியா சொல்லி அனுப்பியது கொஞ்சம் பேருக்குத்தான். அவர்கள் ஆளாளுக்கு இன்னொருத்தியை இழுத்து வந்திருந்தார்கள்.

இத்தனை பேர் இருந்தும் சத்தமே இல்லை. நூலகத்துக்குப் பக்கத்தில் பேசக் கூடாது என்பது அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

தமிழ்செல்வி எழுந்து வாசலுக்கு வந்தார். வரிசையைக் கடைசிவரை பார்த்தார். முன்னால் நின்ற பூமிகா என்ற பெண்ணிடம் கேட்டார்.

“ஏம்மா படிப்ப உட்டே?”

“நான் எங்க மேடம் உட்டேன்? உட வெச்சாங்க.”

பூமிகா அதைச் சண்டைபோல் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அப்பாவுக்குப் பிரஸ் மெஷினில் கை போனது, தம்பி படிக்க வேண்டியிருந்தது, ஒரு வருடம் போதும் என்றுதான் வீட்டில் பேச்சு என்றாள். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை.

தமிழ்செல்வி அவள் கழுத்து அட்டையை எடுத்துப் பெயரைப் படித்துப் பார்த்தார். சோனியா, தன் வேலை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தாள்.

தமிழ்செல்வி கூட்ட அறைப் பக்கம் திரும்பி, படமும் கேடயமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காப்பகத்துக்குள் முதலில் போக வேண்டியது இவர்கள் பேச்சுதான், அப்படியே தீர்மானம் எழுதுங்கள் என்றார். வந்தவர்களை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது, நாற்காலி எங்கே என்று அதட்டினார்.

பியூன் வருவதற்குள் துளசிராமனே இரண்டு கையிலும் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் கூட்டத்தில் இருந்த பேராசிரியர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று தூக்கினார்கள். ஒரு காலத்தில் இவர்களுக்கு வருகைப் பதிவு எடுத்த கைகள் இன்று இவர்களுக்காக நாற்காலி தூக்குவதைப் பார்த்து வராந்தாவில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில்தான், வாய்விட்டு.

சோனியா மேசைமேல் போனை வைத்து, மைக்கைச் செருகி, யார் முதலில் என்று கேட்டாள்.

அவ்வளவு தூரம் துணிந்து வந்தவர்கள் இப்போது ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

தமிழ்செல்வி போய் மைக்குக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

நல்லதுதான், செயலாளர் வாழ்த்திப் பேசித் தொடங்கி வைக்கட்டும் என்று சோனியா பதிவை அழுத்தினாள்.

“எம்பேரு தமிழ்செல்வி. இந்தக் காலேஜோட மொத பேட்ச். பி.ஏ. ஹிஸ்டரி, ரெண்டாவது வருசம்.”

சிரிப்பு நின்றது. துளசிராமன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

“உட வெச்சது எங்க மாமனாரு. அவரு ஊட்டுக்கு மருமக வேணும்னு.”