தொடாத காப்பி

மகாகம் ஆற்றின் காலை வெயில் தண்ணீரில் பட்டு என் கண்ணில் அடிக்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படகில் காத்திருக்கிறேன். பின்னால் மஸ்துரா தன் சின்னத் தோணியைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு வருகிறாள். மடியில் மூடிவைத்த காப்பி டம்ளர். சற்றுமுன் அவள் மிதவை வீட்டில் அதை வேண்டாமென்று எழுந்து வந்தேன். விடுதி கட்ட இந்தக் கரையை வாங்கிவிட்டேன், உன் வீட்டை அவிழ்த்துக்கொண்டு போ என்று சொன்ன வாயால் எப்படிக் குடிப்பது? தோணி என் படகை உரசி நிற்கிறது. அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

“பன்னெண்டு வருசமா இந்த ஆத்துல இருக்கீங்க. குடுத்தத தொடாம தண்ணில போனா முதல பிடிக்கும்னு தெரியாதாண்ணே? அப்புறம் என் காப்பியாலதான் செத்தீங்கன்னு ஊரு பேசும். ஒரு விரல் வச்சிட்டுப் போங்க.”

விரலை நனைத்து உதட்டில் வைக்கிறேன். விருந்தாளிக்குப் போடுவதுபோல் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டிருக்கிறாள்.

“இனி பயமில்ல” என்று தோணியைத் திருப்புகிறாள். அவள் காலடியில், மிதவையைக் கரையோடு கட்டியிருந்த கயிறுகளில் ஒன்று ஈரமாகச் சுருண்டு கிடக்கிறது. அவிழ்க்கத் தொடங்கியவள், பாதியில் என் உயிருக்காகக் கிளம்பி வந்திருக்கிறாள்.