சொந்தத் தட்டு

“பூமி கர்த்தர் போட்ட பந்தி. அதுல நாம வெறும்...”

அறுப்பின் பண்டிகை ஒன்றில் மூத்த சபையார் ஒருவர் பேசியது. விருந்தாளிகள் என்றாரா, பரிமாறுகிறவர்கள் என்றாரா? ஞானசேகரனுக்குப் பாதிதான் நினைவிருந்தது. மீதியைத் தானே போட்டுக்கொண்டார்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருந்த அந்தச் சின்னத் தமிழ்ச் சபையின் மாடியில் சுவரொட்டி ஏறியது: ‘பூமி கர்த்தர் போட்ட பந்தி. நாம் அதன் காவல்காரர்கள். சொந்தத் தட்டு கொண்டு வாருங்கள்.’

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சேர்ந்து உண்ணும் மதியச் சாப்பாட்டுக்கு இனிப் பேப்பர் தட்டு கிடையாது. சபையின் சுற்றுச்சூழல் குழுத் தலைவராக அவர் போட்ட முதல் சட்டம் அது.

“பார்த்தியா சுதா? மூட்டை மூட்டையா போன குப்பை, இப்ப ஒரே பையில அடங்கிடுச்சு!”

மனைவி உதட்டைப் பிதுக்கினாள். “கீழ கார்பார்க்ல இருக்கிற தொட்டியைப் போய்ப் பாருங்க. அப்புறம் பெருமையடிச்சுக்கலாம் லா.”

போய்ப் பார்த்தார். பிரியாணி எண்ணெய் படிந்த பேப்பர் தட்டுகள், தொட்டி வாய் வரைக்கும்.

“யார் வேலை இது?”

“இரஞ்சிதம் அக்கா பையில ஒரு கட்டு பார்த்தேன்.”

பாசிர் ரிஸ்ஸிலிருந்து பஸ் பிடித்து வரும் ஓய்வுபெற்ற கிளார்க் இரஞ்சிதம். அதிர்ந்து பேசாதவர். அவரா?

“அக்கா, ஒரு தட்டைக் கழுவுறதுக்கு உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா?”

“கொஞ்சம் பொறுத்துக்குங்க தம்பி.”

“எதுவரைக்கும்? பூமி அழியுற வரைக்குமா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரஞ்சிதமும் சிரித்துவிட்டு, தன் எவர்சில்வர் தட்டைக் கழுவப் போனார்.

ஞானசேகரன் அந்தத் தட்டைப் பார்த்தார். சொந்தத் தட்டு இருப்பவருக்குப் பேப்பர் தட்டு எதற்கு என்று கேட்கக் கோபத்தில் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு. இரஞ்சிதம் ஒரு பெரிய டப்பாவும் பையுமாகப் படியிறங்குவதைக் கண்டதும் பின்னாலேயே போனார், கைப்பேசியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு. படத்தைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும்.

கார்பார்க் சுவரோரம் சில இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்பவர்கள். ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காரும் பையன்கள். இரஞ்சிதம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேப்பர் தட்டைக் கொடுத்துச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

அவர்களில் எபநேசர் முதலில் பார்த்துவிட்டான். வாயில் சோற்றோடு எழுந்தான்.

“அண்ணே, சாப்டீங்களா?”

“நீங்க ஏன்ப்பா இங்க? மேல வரலாம்ல?”

“போர்டு போட்டிருக்கீங்களேண்ணே, சொந்தத் தட்டுன்னு. நாங்க ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வர்றோம். நாங்க தங்கியிருக்கிற டார்மெட்டரில எங்களுக்குத் தட்டு ஏது? வர்றதெல்லாம் கேட்டரிங் பொட்டலம்தான்.” அவன் தலையைச் சொறிந்தான். “வெறுங்கையோட வரிசையில நிக்கிறது ஒரு மாதிரி இருந்துச்சு. ஜெபம் முடிஞ்சதும் கிளம்பிட்டோம். அக்காதான் பஸ் ஸ்டாப்புக்கே வந்து புடிச்சுட்டு வந்தாங்க.”

“அக்கா, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“எப்படிச் சொல்றது தம்பி? நீங்க அவ்வளவு ஆசையா போஸ்டர் ஒட்டுனீங்க. பசங்களும் சொல்லாதீங்க, அண்ணன் சங்கடப்படுவாருன்னாங்க.” இரஞ்சிதம் தொட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “இதைக் குப்பையில போடுறப்ப எனக்கும் மனசு கேட்கல. ஆனா பிள்ளைங்க பசியோட பஸ் ஏறுறதைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியுமா?”

மாடியில் குப்பை குறைந்திருந்தது. பந்தியில் ஆளும் குறைந்திருந்தது. அவர் குப்பையை மட்டும்தான் பார்த்திருந்தார்.

கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, ஒரு வாய் சாப்பிடுறீங்களா?” எபநேசர் நகர்ந்து இடம் விட்டான்.

மறு ஞாயிறு, மாடியில் சாப்பாட்டு மேசையின் முனையில் புது எவர்சில்வர் தட்டுகள் உயரமாக அடுக்கியிருந்தன. பழைய சுவரொட்டி இருந்த இடத்தில் ஞானசேகரனின் கையெழுத்தில் வேறொன்று:

‘எல்லோரும் வாருங்கள். தட்டு இங்கே இருக்கிறது. கழுவுவது ஞானசேகரன்.’