முதல் வரிசை மைக்

“சுருதியே சேரல, அவளுக்குப் போய் முதல் வரிசையா? மாஸ்டருக்குக் காது செவிடா?”

சர்ச் கொயரில் பாடுகிறவர்களில் எல்லாருக்கும் மூத்தவளான பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது. ஆராதனைக்கு முன்பே மைக்செட்காரரிடம் போய் நின்றாள்.

“தம்பி, அந்தப் புதுப் பொண்ணு மைக்கை மட்டும் சத்தமில்லாம ஆஃப் பண்ணிடுங்க. அவளுக்கே தெரியாது.”

“வேண்டாங்க்கா. ஏற்கெனவே ஒருத்தர் மைக்கை அப்படித்தான் வச்சிருக்கேன்.”

“யார் சொல்லி?”

“மாஸ்டர்தான். ‘சுருதி சேராட்டியும் பரவாயில்ல, ஆசையா பாடுறாங்க. கொயர்ல அவங்க இடம் காலியாகக் கூடாது’ன்னார். பல வருஷமாச்சு.”

“யாருய்யா அது?”

அவர் மைக்செட் பலகையை மறைத்திருந்த கையை மெல்ல எடுத்தார்.

வரிசையாக இருந்த சுவிட்சுகளில் ஒன்றின் மேல் மட்டும் டேப் ஒட்டியிருந்தது. பழுப்பேறிய அந்த டேப்பில் மங்கலாக எழுதியிருந்தது: ‘பெரியக்கா.’