பன்னிரண்டாவது கோட்டு

பசை உருண்டு வந்தது. கடுகளவு.

அவள் அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்து மேசைக் காலில் தேய்த்தாள். மறுபடி குனிந்தாள்.

பழுப்பு நிற ஸ்வேடு கோட்டு. இடக்கை. முழங்கை மடங்கும் இடம்.

அங்கேதான் ஒட்டியிருந்தாள். குறை இருக்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். வழவழப்பான தோலில் நாலு வருடமாக அப்படித்தான் ஒட்டுகிறாள். உரித்தால் கையோடு வந்துவிடும். ஸ்வேடு அப்படியில்லை. தோலின் உள்பக்கத்தைத் தேய்த்து, பூனைக்குட்டிக்கு இருப்பதுபோல் முடி எழுப்பியிருப்பார்கள். அதில் ஒட்டக் கூடாது. நூல்தான் கட்ட வேண்டும்.

இந்தக் கம்பெனிக்கு ஸ்வேடு ஆர்டர் இதுதான் முதல் தடவை. யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

ஒட்டிய மறுநாளே ரம்ஜான் லீவு. மூன்று நாள். தகரக் கூரை. ஆம்பூர் வெயில்.

அறுபது கோட்டில் அம்பு ஒட்டிய பன்னிரண்டிலும் பசை உருகி இறங்கிவிட்டது.

மூன்று மணிக்கு வாங்குகிற கம்பெனியின் ஆள் வருகிறார். பன்னிரண்டும் தேறினால் அவள் இந்தச் செக்கிங் மேசையிலேயே இருப்பாள். ஒன்று கழிந்தாலும் நாளைக்கே பழையபடி பசை தடவப் போக வேண்டியதுதான். ஆறு வருடம் அந்த வாடையில் கிடந்தவள். வீட்டில் சோற்றிலும் அதே வாடைதான் அடிக்கும். திரும்பப் போக அவளால் முடியாது.

பதினொன்றை முடித்துவிட்டாள். மணி இரண்டரை.

மேனேஜர் தயாபரன் பசையைக் கரைக்கும் தின்னர் பாட்டிலோடு வந்து நின்றார்.

“இன்னும் இன்னாம்மா நோண்டிக்கினு கீறே? இதத் தொட்டு ஒரே இழுப்பு. போயிடும்.”

“பசை போயிடும் சார். வட்டமா கறை நின்னுடும்.”

அவர் பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவள் அதன் மூடியை இறுக்கித் தரையில் வைத்தாள்.

தின்னர் கூடாது. எண்ணெய் கூடாது. நகம் கூடவே கூடாது. காலையில் ஒரு வெட்டுத்துண்டில் எல்லாவற்றையும் செய்து பார்த்து, கெடுத்து, கற்றுக்கொண்டது.

கேன்டீனில் கெஞ்சி வாங்கிய ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பசையின் மேல் வைத்தாள்.

எண்ணினாள். நூறு வரை.

பசை இறுகியது. ஷூவுக்கு அடி போடும் கிரேப் ரப்பர் துண்டால் தேய்த்தாள். ஒரே பக்கமாக.

ஒரு உருண்டை.

இன்னொன்று.

தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அழுகை வந்தது. அழுதால் கோட்டில் சொட்டும். அதனால் அழவில்லை.

கடைசி உருண்டையும் வந்தது. பிரஷ் போட்டாள். முடி எழுந்து நின்றது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

சுத்தம்.

ஒழிந்தது சனியன் என்று மூச்சு விட்டாள்.

பழக்க தோஷம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கோட்டின் கை நெடுகக் கீழே இறங்கின.

முழங்கையில் நின்றன.

நூலளவு பள்ளம். ஆட்டை உரிக்கும்போது கத்தி ஆழமாகப் போன இடம். அம்பு ஒட்டியது இதற்குத்தான். அறுபது கோட்டுக்கு நடுவில் மறந்துபோயிருக்கிறாள். மற்ற பதினொன்றின் குறைகளைப் பசை எடுக்க எடுக்கத் தையலில் திருத்தியபோது இதைப் பசை மூடியிருந்தது. இப்போது முடி மூடிவிட்டது. அவள் பிரஷ் போட்ட அழகில் கண்ணுக்குத் துளியும் தெரியவில்லை.

பத்து தடவை கையை மடக்கினால் கிழியும். நல்ல தோலாக இருந்தால் இருபது.

அதற்குள் கோட்டு கடல் தாண்டியிருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது?

அவள் அதை மற்ற பதினொன்றோடு அடுக்கினாள்.

மூன்று அடிப்பதற்குள்ளேயே அந்த ஆள் வந்துவிட்டார். ஒவ்வொரு கோட்டாகத் திருப்பினார். பன்னிரண்டாவதின் கையைப் பேருக்குத் தடவினார்.

“ஸ்வேடு புதுசுன்னீங்க. நல்லா வந்திருக்கே. யாரு செக்கிங்?”

தயாபரன் அவளைக் காட்டினார். அவர் முகத்தில் இத்தனை பெருமையை அவள் பார்த்ததேயில்லை.

வந்தவரின் பேனா ஒப்புதல் தாளை நோக்கி இறங்கியது.

அவள் கோட்டின் இடக்கையை எடுத்தாள். முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளினாள். முழங்கையை மடக்கி அவருக்கு நேரே நீட்டினாள்.

“நான்தான் சார். இங்க விரல வச்சிப் பாருங்க.”