எதிரே ஒன்றும் வரவில்லை

சர்க்கரை நோயில் பார்வை போன பிறகு சிதம்பரநாதன் காரைத் தொடவில்லை. போர்ட்டிகோவில் அது தூசி மூடிக் கிடந்தது. டயாலிசிஸுக்கு அவரை ஆட்டோவில் கூட்டிப்போய் அலுத்த மனைவி வடிவாம்பாள், இந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இன்று முதன்முதலாகத் தானே ஓட்டிப்போக நினைத்திருந்தாள்.

புது பேட்டரி மாட்டியும் வண்டி கிளம்பவில்லை.

“நான் சாவியைத் திருப்புறேன், நீ பானெட்டைத் திற” என்று அவர் தடவித் தடவி டிரைவர் சீட்டில் ஏறினார். திருப்பிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“பெட்ரோல் பம்ப் சத்தமே இல்லை வடிவு. எலி வயரைக் கடிச்சிருக்கும், பாரு.”

கடித்துத்தான் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல அவள் வயரை முறுக்கி டேப் சுற்றினாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. மறுபடி திருப்பியபோது வண்டி இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கக் கதவருகே வந்தாள்.

“நேரமாச்சுங்க.”

அவர் இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். முகத்தில் பழைய மிடுக்கு வந்திருந்தது.

“எஞ்சின் கொஞ்சம் சூடாகட்டும்.”

இறங்கச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. சுற்றிப்போய் இடப்பக்கம் ஏறி அவர் அருகில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“எதிர்ல ஏதாவது வருதா?” என்று கேட்டார்.

எதிரே அவர்கள் வீட்டு கேட் பூட்டியே இருந்தது; கியரும் நியூட்ரலில்தான் இருந்தது.

“ஒண்ணும் வரலைங்க” என்றாள். “போங்க.”