இருமல்

“ஒரு சொட்டுதான், கண்ணைச் சிமிட்டாதீங்க” என்று பேருந்து நிலையத்து மூலையில் வைத்துக் கணவர் சுந்தர்சிங்குக்கு மருந்து விட்டாள் ராகேல். கண் அழுத்த நோய் என்று தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

“போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. இனி வீட்டுல இருக்கப்பிடாதா?”

“ஏட்டி, வீட்டுல இருந்தா செத்துருவேன். நேரே தெளிவாத் தெரியுது. இடப்பக்கந்தான் இல்ல.”

மயிலாடி பஸ்ஸில் ராகேல் முதலில் ஏறி முன்னிருக்கையைப் பிடித்தாள். பள்ளிப் பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். கடைசியில் சுந்தர்சிங்கும் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

இடப்பக்கம் ஒரு சைக்கிள் வந்தது. ராகேல் ஓங்கி இருமினாள். அவர் பிரேக்கை மிதித்தார்.

“ஒரு மாசமாட்டு இருமுதியளே அக்கா, ஆஸ்பத்திரியில காட்டினா என்ன?” என்றார் கண்டக்டர்.

ராகேல் திரும்பவில்லை. சாலையின் இடப்பக்கத்திலிருந்து கண்ணை எடுக்க அவளால் முடியாது.