பிரசிடெண்டு எலெக்சன்

அமெரிக்காவின் அடுத்த ஜனாதிபதி யார் என்பதை அல் ஐன் லேபர் கேம்ப்பில், ஏழாம் நம்பர் ரூமில்தான் முடிவு செய்தார்கள். வாஷிங்டன்காரர்களுக்கு விஷயம் தெரியாது, பாவம். தேர்தலுக்கு இன்னும் இரண்டு வருஷம் கிடக்கிறதே என்று அவர்கள் சும்மா இருந்தார்கள்.

முடிவு செய்கிறவர் ஃபோர்மேன் அன்பரசன். நோன்பு மாதம், டூட்டி குறைவு. நோன்பு திறந்த கையோடு டிரைவர் கௌஸ் முகைதீன் கஞ்சித் தூக்கோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் சபை கூடிவிடும்.

"இப்ப இருக்கிறவரு இறங்கிட்டா, அந்தக் குடியரசுக் கட்சியில அடுத்து யாரு அன்பரசன்?"

"மூணு பேரு வரிசையில நிக்கிறாங்க பாய். ஒரு கிழட்டு செனட்டர், ஒரு பழைய மேயர், ஒரு கவர்னர். மூணும் வெள்ளைத்தோலு. பழமைவாதக் கட்சின்னா சும்மாவா? எங்க தாத்தா உட்கார்ந்த நாற்காலியில எங்க வீட்டு ஆளுதான் உட்காரணும்பான்."

"நீங்களா இருந்தா யாரை நிறுத்துவீங்க?"

"கறுப்பு இனத்துல ஒரு பொம்பளையை. பொம்மையா இல்ல, நிஜமாவே ஆளுறதுக்கு. அது பயந்துச்சுன்னா வெள்ளைக்கார வீட்டு ஆளு ஒண்ணு கூடவே போய் நிக்கணும். அப்பத்தான் அது கட்சி."

"உங்களை ஒரு வார்த்தை கேட்காம அவனுங்க எப்படித்தான் கட்சி நடத்துறானுங்களோ" என்றார் பாய், கஞ்சியை ஊதிக்கொண்டே.

மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ராக்கப்பன் சிரித்தான். அவன் அன்பரசனின் ஊர்க்காரன். ஊரில் அவர் மேலத்தெரு, அவன் காலனி. விசா எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். ஊர் வழக்கப்படி "ஐயா" என்று தள்ளி நின்றவனை, வந்த அன்றைக்கே திருத்திவிட்டார்: "இங்க எல்லாரும் ஒண்ணுடா. அண்ணேன்னு கூப்பிடு." இந்தச் சாதனையை அல் ஐன் ஒட்டகங்களைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. ஊரிலிருந்து மிஸ்டு கால் வந்தால் பேச ஆசை என்று அர்த்தம். முழுசாக அடித்தால் சாவு. பதறி எடுத்தார்.

சித்தப்பா. உயிரோடுதான் இருந்தார்.

"நம்ம பஞ்சாயத்தை இந்தத் தடவை காலனிக்கு ஒதுக்கிட்டாங்கடா, அதுவும் பொம்பளைக்கு. பத்து வருஷமா நான் பிரசிடெண்டு, விட்டுற முடியுமா? நம்ம தோட்டத்துல களை எடுக்கிற கிழவியை நிறுத்தியிருக்கேன். கைநாட்டு அவ வைப்பா, நாற்காலி நம்மகிட்டயே இருக்கும். நடுவுல உன் ராக்கப்பன் பொண்டாட்டி மாரியம்மா மனு போட்டுட்டா."

"அவளா?"

"யாரோ ஏத்தி விட்டிருக்காங்க. அதைப் பொறவு பேசுவோம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அவ வாபஸ் வாங்கணும். அவன் உனக்குக் கீழதானே வேலை பார்க்கிறான்?"

"சித்தப்பா, அது வந்து..."

"என்ன வந்து? ஊர்ப்பக்கம் தலைகாட்ட வேணாமா நீ?"

அன்பரசன் போனை வைத்தார். பாய் தொழுகைக்குக் கிளம்பும் வரை காத்திருந்தார். இது பாய் காதில் விழக்கூடாது.

"ராக்கப்பா."

"சொல்லுங்கண்ணே."

அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. சுவரிலிருந்த ஏசியைப் பார்த்துச் சொன்னார். ஊரில் வம்பு வேண்டாம், மாரியம்மா ஒதுங்கிக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது, வெயில் வேலையிலிருந்து அவனை ஸ்டோருக்கு மாற்றிவிடலாம், லீவுக்கும் தானே பேசலாம்...

ராக்கப்பன் வெங்காயத்தைக் கீழே வைத்தான்.

"சரிங்கய்யா."

மூன்று வருஷமாக 'அண்ணே' என்ற வாய். திருத்தலாமா என்று அன்பரசனுக்கு ஒரு கணம் தோன்றியது. எந்த முகத்தோடு திருத்துவது?

ராக்கப்பன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் முடியாது என்று வந்து சொல்லிவிட மாட்டானா என்று அன்பரசன் வேண்டிக்கொண்டது நிஜம். ஆனால் எழுந்து போய், 'வேண்டாம், விடு' என்று சொல்லக் கால் வரவில்லை.

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி வந்தான்.

"வாபஸ் வாங்கிக்கிறாளாம்யா. ஆனா அவளுக்காக முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டவங்க சொன்னாத்தான் வாங்குவாளாம். அவங்கதான் வீடு தேடி வந்து, யூனியன் ஆபீசுக்கும் கூடவே போனாங்களாம். உங்க சித்தப்பா ஆளுங்க மிரட்ட வருவாங்கன்னு, இப்பக்கூட எங்க வீட்டுலதான் துணைக்கு உட்கார்ந்திருக்காங்க."

"யாருடா அது?"

"அகிலாம்மா. உங்க வீட்டம்மாதாங்க."

எழப்போன அன்பரசன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்கு எங்கேயிருந்து இந்த..."

"நீங்கதான் சொன்னீங்களாமே. வாராவாரம் போன்ல பிரசிடெண்டு எலெக்சன் பத்திப் பேசுனீங்களாம். சித்தப்பாவுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் நம்ம ஊரை அமெரிக்கான்னு மாத்திச் சொல்றீங்கன்னு அம்மா புரிஞ்சுக்கிட்டாங்களாம்."

ராக்கப்பன் போனை நீட்டினான்.

"லைன்லதான் இருக்காங்க. நம்ம ஊருக்கு வேணாம்னு நீங்களே சொல்லிடுங்கய்யா."